இசபெல்லா கிரஹாமின் வரவு செலவு

நியூயார்க்கில் ஏழை விதவைகளுக்குச் சங்கம் வைத்த இசபெல்லா கிரஹாமைப் பற்றி எங்கள் சபைப் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். 'ஜெப வீராங்கனை' என்று தலைப்பும் கொடுத்துவிட்டு, "மிச்சத்தை நீங்களே பாத்துக்கோங்கக்கா" என்றார் செயலாளர். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். யாருடைய வாழ்க்கையைப் படித்தாலும் கண் வரவு செலவுக்குத்தான் போகும். அப்படிப் படித்ததில் கிடைத்தது இது.

1742-இல் ஸ்காட்லாந்தின் லனார்க்ஷயரில் பிறந்தவர். பெய்ஸ்லியில் அவருடைய போதகர் ஜான் விதர்ஸ்பூன். பிற்பாடு அமெரிக்கா போய் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டாரே, அவரேதான். 1765-இல் டாக்டர் ஜான் கிரஹாமைக் கல்யாணம் செய்துகொண்டு, அவர் ராணுவ டாக்டரானதும் ரெஜிமென்ட் போன இடமெல்லாம் கூடவே போனார்: மான்ட்ரியால், நயாகரா கோட்டை, கடைசியில் கரீபியன் தீவான ஆன்டிகுவா. அங்கே 1773-இல் டாக்டர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். மூன்று பெண் பிள்ளைகள், வயிற்றில் நான்காவது.

கையிருப்பு 200 பவுண்டுக்கும் குறைவு. 'சொத்து' என்று இன்னொன்றும் இருந்தது. கணவர் நயாகராவில் விலைக்கு வாங்கிய இரண்டு பூர்வகுடிப் பெண்கள். விற்றால் நல்ல காசு வரும். மனுஷரை விற்க மனசாட்சி இடம் தராது என்று மறுத்துவிட்டார் இசபெல்லா. ஒருத்தி அவருடன் ஸ்காட்லாந்துக்கு வந்து அங்கேயே குடும்பமாகிவிட்டாள். மற்றவள் ஆன்டிகுவாவிலேயே இறந்துபோனாள். புகழ்கிறவர்கள் மறுத்ததோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதற்கு முன்பு, அந்த இருவரையும் அடிமைகளாக வீட்டில் வைத்துக்கொண்டே வேதம் வாசித்ததும் இதே அம்மாதான். அந்தப் பற்றை எழுதாமல் விட்டால் கணக்கு நேராகாது.

ஊர் திரும்பினால் அப்பாவும் நொடித்துப்போயிருந்தார். அவரையும் சேர்த்துத் தாங்க வேண்டிய நிலை. கார்ட்சைடு என்ற இடத்தில் ஒரு கூரை வீடு. காலையில் ஓட்ஸ் கஞ்சி, ராத்திரி உருளைக்கிழங்கு. பால் பிள்ளைகளுக்கு, கடைந்த வெண்ணெய் விற்பனைக்கு. யாரோ யோசனை சொன்னார்கள் என்று மஸ்லின் துணி வாங்கிப் பூவேலை செய்து கப்பலில் அனுப்பினார். பிரெஞ்சுக்காரர்கள் கப்பலையே பிடித்துக்கொண்டார்கள். போட்ட முதல் போச்சு.

அதன்பிறகு பெய்ஸ்லியில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம், எடின்பரோவில் ஒரு விடுதிப் பள்ளி. எடின்பரோவில் ஏழைகளைச் சேர்த்து ஒரு சங்கம் வைத்தார். வாரம் ஆளுக்கு ஒரு பென்னி. நோயில் விழுந்தவருக்கு அதிலிருந்து உதவி. நம் ஊர் மகளிர் குழுக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தன் வருமானத்தில் தசமபாகம் தவறாமல் எடுத்து வைப்பார். ஒருமுறை 1,000 பவுண்டு மொத்தமாக வந்தபோது, மனசு கல்லாவதற்குள் பத்தில் ஒன்றை எடுத்துவிட வேண்டும் என்று அவசரப்பட்டாராம். தன்னையே நம்பாத இந்தக் குணம் எனக்கு ரொம்பப் பிடித்தது. நல்ல காசாளருக்கு அது அவசியம்.

விதர்ஸ்பூன் முன்பே அமெரிக்காவுக்கு வரச் சொல்லியிருந்தார். 1789-இல் தன் மகள்களோடு நியூயார்க்கில் இறங்கிப் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். ஸ்காட்ச் பிரெஸ்பிட்டேரியன் சபையில் சேர்ந்தார். மகள்களுக்கு அங்கேயே கல்யாணமும் ஆனது. 1795-இல் மகள் ஜெஸி நோயில் இறந்தாள். மூச்சு அடங்கியதும் தாய் இரண்டு கைகளையும் உயர்த்தி, மகளுக்கு வாழ்த்துச் சொன்னார். பிறகு முகத்தைக் கழுவி, ஏதோ சாப்பிட்டு, போய்ப் படுத்துக்கொண்டார். விசுவாசத்துக்குச் சாட்சியாக இதை எழுதி வைத்திருக்கிறார்கள். இருக்கலாம். எனக்கு மட்டும் அந்த முகம் கழுவல் தொண்டையில் நிற்கிறது. எத்தனை ராத்திரி கண்விழித்திருந்தால் அப்படி ஒரு அலுப்பு வரும்?

1797-இல் தொடங்கியதுதான் அவருடைய பெரிய வேலை: சின்னக் குழந்தைகளோடு இருக்கும் ஏழை விதவைகளுக்கான சங்கம். நடத்தியவர்கள் முழுக்கப் பெண்கள். பொருளாளர் எலிசபெத் சீட்டன். அவர் பின்னால் கத்தோலிக்கராகி, 1975-இல் புனிதர் பட்டமும் பெற்றார். முதல் குளிர்காலத்தில் 98 விதவைகளும் 223 பிள்ளைகளும் இந்தச் சங்கத்தால் பிழைத்தார்கள். விதிகள் கறார். வீட்டுக்கே போய்ப் பார்க்காமல் உதவி இல்லை. கொடுப்பதும் பொருளாகத்தான், காசாக இல்லை. 'நடத்தை கெட்டவள்' என்றால் பெயரே ஏறாது. முதல் விதிக்கு நான் கைதட்டுவேன். கடைசி விதி பிடிக்கவில்லை. நடத்தையை யார் அளந்தார்கள்? பக்கத்து வீட்டு வாய்தானே? இரண்டாவதில் இன்னும் எனக்குச் சந்தேகம். வெண்ணெய் விற்ற காசைத் தானே செலவழித்தவர், மற்ற விதவை கையில் காசைக் கொடுக்க ஏன் தயங்கினார்?

1806-இல் மகள் ஜோஅன்னாவும், அமெரிக்காவின் முதல் கருவூல அமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டனின் மனைவி எலிசபெத்தும் அனாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் தொடங்கியபோது இந்த அம்மாவும் முன்னால் நின்றார். அதன் வழிவந்த அமைப்பு 'கிரஹாம் விண்டம்' என்ற பெயரில் இன்றும் நியூயார்க்கில் இயங்குகிறது.

1814 ஜூலையில் காலமானார். ஜோஅன்னாவின் கணவர் டிவி (Divie) பெத்தூன் மாமியாரின் கடிதங்களையும் தியானங்களையும் தொகுத்து அச்சிட்டார். பக்கம் பக்கமாக ஜெபம். புண்ணியவான், கூடவே அந்தக் கணக்குப் புத்தகத்தையும் அச்சிட்டிருக்கலாம்.