நூறடி ரோட்டு ஜன்னல்

ஜனவரி 7, 2025, செவ்வாய்

நேற்று ராத்திரி சின்னவளுக்கு மறுபடி இழுப்பு. இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொண்டாள். தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின. மருந்தை உள்ளிழுக்க உதவும் ஸ்பேசர் குழாயை வைத்து இன்ஹேலர் கொடுத்த பிறகுதான் என் மடியில் கண்ணயர்ந்தாள். "மார்கழிப் பனிம்மா, குல்லா போடு" என்கிறார் அத்தை. டாக்டர் டஸ்ட் அலர்ஜி என்றார். காலையில், மூச்சை எவ்வளவு வேகமாக வெளியே விடுகிறாள் என்று அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரை ஊதச் சொன்னேன்: 140. நன்றாக இருக்கும் நாளில் 200 வரும்.

ஜனவரி 9, வியாழன்

அவள் அறை ஜன்னல் கட்டையை முந்தாநாள்தான் துடைத்தேன். இன்றைக்குத் துணி மறுபடி கறுப்பு. மண் இந்த நிறத்தில் இருக்காது. எங்கள் முதல் மாடிக்கு நேர் கீழே வடபழனி நூறடி ரோடு. சிக்னல் விழுந்து வண்டிகள் கிளம்பும்போதெல்லாம் புகை மேலே வருகிறது. டீசல் கரி, டயர் தேய்ந்த தூள், பிரேக் தூள், எல்லாம் சேர்ந்த கறுப்பு. இதில் கண்ணுக்குத் தெரியாததுதான் மோசம். தலைமுடி கனத்தில் முப்பதில் ஒரு பங்கு இருக்கும் நுண்துகள், நுரையீரலின் அடி வரை போய்விடும். அது ஆண்டுச் சராசரியில் ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் நாட்டு வரம்பு 40. எட்டு மடங்கு! படித்ததிலிருந்து கோபம் அடங்கவில்லை.

ஜனவரி 11, சனி

லண்டன் லூயிஷமில், சவுத் சர்குலர் சாலைக்குப் பக்கத்தில் வளர்ந்த எல்லா என்ற சிறுமியைப் பற்றிப் படித்தேன். 2013 பிப்ரவரியில் ஆஸ்துமாவில் போய்விட்டாள். ஒன்பது வயது. அவள் சாவுக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி பதிவு செய்தார். ரோட்டுப் புகை இப்படிச் செய்யும் என்று தெரிந்திருந்தால் வீடு மாறியிருப்பேன் என்றாராம் அவள் அம்மா. அவரிடம் யாருமே சொல்லவில்லை. என்னிடமும்தான்.

ஜனவரி 16, காணும் பொங்கல்

ஊருக்குப் போகவில்லை. போகிப் புகையில் ஒரு நாள் கஷ்டப்பட்டாள். அப்புறம் ஊரே காலி, ரோடு வெறிச்சோடிக் கிடக்கிறது. இரண்டு ராத்திரியாக இருமல் இல்லை. மீட்டரில் 190. பனி அப்படியேதான் இருக்கிறது. அத்தையிடம் காட்டினேன், ஒன்றும் சொல்லாமல் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜனவரி 20, திங்கள்

எல்லோரும் திரும்பிவிட்டார்கள். மீட்டரில் 150. சாயங்காலமே நானும் அவரும் பின்பக்கத்துச் சாமான் அறையைக் காலி செய்து, அவள் கட்டிலை அங்கே போட்டோம். ரோட்டுப் பக்க ஜன்னலை இனிக் காலை, மாலை நெரிசலில் திறப்பதில்லை.

ஜனவரி 27, திங்கள்

ஏழு ராத்திரியில் இரண்டு நாள்தான் இருமினாள். இன்று 180. தினசரி இன்ஹேலரை மட்டும் நிறுத்தக் கூடாது என்றார் டாக்டர். வீடு எங்கே என்று இந்த முறை அவரே கேட்டுக் குறித்துக்கொண்டார். ஸ்கூல் வேனுக்கு அவள் சிக்னல் பக்கத்தில் நிற்பது உறுத்திக்கொண்டே இருந்தது. வேன் அண்ணனிடம் பேசினேன். சரி, நாளையிலிருந்து பின்தெருப் பிள்ளையார் கோயிலிடம் வந்து ஏற்றிக்கொள்கிறேன் என்றார்.