ஜனவரி 31

பசிபிக் கடலில் உள்ள குட்டித் தீவு நாடான நவ்ருவின் வான்படம் இன்று கண்ணில் பட்டது. ஓரத்தில் மெல்லிய பச்சை வளையம். நடுவில், உரத்துக்கான பாஸ்பேட்டைச் சுரண்டி எடுத்தபின் பல்லைப் போல நீட்டிக்கொண்டு நிற்கும் சுண்ணாம்புப் பாறைகள். மண்ணே இல்லை, எதை நடுவது?

மொத்தமே 21 சதுர கிலோமீட்டர்தான்.

தன் கரையோரத்துக் கர்ட்டிஸ் தீவுக்கு நவ்ரு மக்களைக் குடிபெயரச் சொன்னது, அப்போது நவ்ருவை நிர்வகித்த ஆஸ்திரேலியா. அங்கே இறையாண்மை கிடையாது என்பதால் 1964இல் மறுத்துவிட்டார் நவ்ருவின் தலைவர் ஹாமர் டி ராபர்ட்.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் பசிபிக்கின் ட்ரக் தீவுக்கு நாடு கடத்திய சுமார் 1,200 பேரில் அவரும் ஒருவர். 737 பேர்தான் ஊர் திரும்பினார்கள், 1946 ஜனவரி 31 அன்று.

1968இல் விடுதலைக்கும் அதே தேதி. நினைத்தாலே மனசு கனக்கிறது.

முதல் அதிபர் டி ராபர்ட்தான். 1989இல் அவர் ஆட்சியிலேயே சுரண்டப்பட்ட நிலத்துக்காக ஆஸ்திரேலியா மீது சர்வதேச நீதிமன்றத்தில் வழக்கு போட்டார்கள். 10.7 கோடி ஆஸ்திரேலிய டாலர் சமரசம் வந்தது 1993இல்.

அவர் 1992இலேயே இறந்துபோய்விட்டார்.