ஸ்டீம் டெக் 2: வாட் கணக்கைப் பாருங்கள்

ஸ்டீம் டெக் என்பது வால்வ் நிறுவனத்தின் கையடக்க கேமிங் கணினி. அடுத்த டெக் என்றதும் எல்லாரும் சிப்பின் பெயரைத்தான் கேட்கிறார்கள். எனக்கு முக்கியம் வாட் கணக்கு. 2022-ல் வந்த முதல் டெக்கில் 40 வாட்-மணி பேட்டரி. 2023-ல் வந்த ஓலெட் திரை மாடலில் 50. சிப் 15 வாட் வரை இழுக்கும். திரை, வைஃபை, எஸ்எஸ்டி, ஃபேன் சேர்ந்தால் மொத்தம் 25-ஐ நெருங்கும். ஆக, கனமான கேம் ஓடினால் சுமார் 2 மணி நேரம். சிப்பை 25 வாட்டுக்கு ஏற்றிப் பாருங்கள்: மொத்தம் 35, ஒன்றரை மணி நேரம்கூடத் தாங்காது. பேட்டரியைப் பெரிதாக்கினால் எடை கூடும். இப்போதே 640 கிராம்.

பேட்டரி நேரத்தைக் குறைக்காமல் சிப் வேகத்தில் பெரிய பாய்ச்சல் வரட்டும் என்று வால்வ் காத்திருப்பது சரியான முடிவு.

என் ஊகம், திரையில் பிக்சலைக் கூட்ட மாட்டார்கள். 1280×800 என்றால் சுமார் 10 லட்சம் பிக்சல். 1920×1200 என்றால் 23 லட்சம். பிக்சல் கூடினால் ரேமில் போய்வரும் தரவும் கூடும். டெக்கில் சிபியுவும், படம் வரையும் ஜிபியுவும் ஒரே ரேமைப் பங்குபோடுகின்றன; அதன் வேகம் ஓலெட்டிலேயே நொடிக்கு 102 ஜிபிதான். முதலில் அந்த வேகம் ஏற வேண்டும். அப்புறம், ஏஐ அப்ஸ்கேலிங்குக்கான, அதாவது குறைந்த பிக்சலில் வரைந்த படத்தை ஏஐ கொண்டு பெரிதாக்குவதற்கான, தனி வன்பொருள் வேண்டும். இப்போதுள்ள ஜிபியு வடிவமைப்பான ஆர்டிஎன்ஏ 2-ல் அது இல்லை.

கட்டைவிரலால் தள்ளும் ஸ்டிக்கையும் மாற்றட்டும். உள்ளே கார்பன் பட்டைமேல் உரசும் தொடுமுனை தேயத் தேய, கை வைக்காமலே கதாபாத்திரம் நகரும். காந்த உணரியில் உரசலே கிடையாது.