மாலன்வில் பாலத்தில் நின்ற லாரிகள்

2023 ஜூலை 26 அன்று நைஜர் அதிபர் முகமது பாசூமை அவருடைய மெய்க்காவல் படையே சிறைபிடித்தது. அப்போது நான் பக்கத்து நாடான பெனினில், கோட்டோனூ துறைமுகத்தில் ஒரு நிவாரண அமைப்பின் சரக்குப் போக்குவரத்தைக் கவனித்துக்கொண்டிருந்தேன். நைஜருக்குக் கடல் கிடையாது. கோட்டோனூவில் இறங்கும் பெட்டிகள் லாரியில் எழுநூறு கிலோமீட்டர் வடக்கே போய், மாலன்வில் என்ற ஊரில் ஆற்றுப் பாலத்தைத் தாண்டித்தான் அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டும்.

அந்த வாரம் எங்கள் லாரிகளில் இருந்தது, கடுமையான ஊட்டச்சத்துக் குறைவால் மெலிந்த குழந்தைகளுக்குக் கொடுக்கும் நிலக்கடலைப் பசை. ஒரு பொட்டலம் 92 கிராம், சுமார் 500 கலோரி. தண்ணீரும் வேண்டாம், அடுப்பும் வேண்டாம். மூலையைக் கிழித்துக் குழந்தையின் வாயில் பிதுக்கினால் போதும். நைஜரில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பழைய கம்பு தீர்ந்துபோய், புதியது அறுவடைக்கு வராத காலம். மழையோடு மலேரியாவும் சேர்ந்துகொள்ளும். சிகிச்சை மையங்களில் ஆண்டிலேயே அதிகக் கூட்டம் அப்போதுதான்.

ஜூலை 30 அன்று மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பான எக்கோவாஸ் நைஜீரியத் தலைநகர் அபுஜாவில் கூடியது. அப்போது அதற்குத் தலைவராக இருந்தவர் நைஜீரிய அதிபர் போலா தினுபு. ஒரு வாரத்துக்குள் பாசூமைப் பதவியில் அமர்த்தாவிட்டால் ராணுவ நடவடிக்கையும் வரலாம் என்று கெடு விதித்தார்கள். எல்லைகள் மூடப்பட்டன, வணிகப் பரிவர்த்தனைகள் நிறுத்தப்பட்டன, பிராந்திய மத்திய வங்கியில் இருந்த நைஜரின் பணம் முடக்கப்பட்டது. நைஜீரியா மின்சாரத்தையும் நிறுத்தியது. நைஜரின் மின்சாரத்தில் சுமார் 70 சதவீதம் அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

ஆட்சியைப் பிடித்த தளபதிகளைப் பணியவைக்கத்தான் இத்தனையும். ஆனால் மாலன்வில்லில் சாலையோரம் நீண்ட வரிசையாக நின்றவை அரிசி, சிமென்ட், மருந்து லாரிகள். அவற்றோடு எங்களுடையவையும். சுங்க அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். உணவுக்கும் மருந்துக்கும் விலக்கு உண்டு என்று மேலிடத்துக் காகிதம் ஒன்று இருந்தால் விட்டுவிடுகிறேன் என்றார். அப்படி ஒரு காகிதம் எங்களிடம் இல்லை. ஐ.நா. அதிகாரிகள் விலக்கு கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் ஓட்டுநர்களில் மூத்தவர் நைஜரின் மராடிக்காரர். லாரிக்கு அடியில் பாய் விரித்துப் படுத்துக்கொள்வார். மழை பெய்த இரவுக்கு அடுத்த காலை தார்ப்பாயின் மூலையை அவிழ்த்து, உள்ளே கைவிட்டு அட்டைப்பெட்டிகளைத் தடவிப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்வார். “பெட்டி நனையவில்லை ஐயா.” அதற்கு மேல் ஒன்றும் சொல்லமாட்டார். பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளி, நீண்ட மரப்படகுகளில் மூட்டைகள் அக்கரைக்குப் போய்க்கொண்டிருந்தன. கள்ளச் சரக்கு கடந்தது. எல்லா ஆவணமும் சரியாக இருந்த எங்கள் சரக்கு நின்றது. எனக்கு ஆத்திரமாக வந்தது.

ஆட்சிக் கவிழ்ப்பைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 1960இல் சுதந்திரம் பெற்ற நைஜரில், தேர்தலில் வென்ற ஒருவர் தேர்தலில் வென்ற இன்னொருவரிடம் அமைதியாக ஆட்சியை ஒப்படைத்தது 2021இல்தான் முதல் முறை. மாலி, கினி, புர்கினா பாசோ எல்லாம் வரிசையாக ராணுவத்தின் கைக்குப் போன பிறகு, அண்டை நாடுகள் பயந்ததில் நியாயம் இருந்தது. ஆனால் நிறைவேற்ற முடியாத கெடுவை ஏன் விதித்தார்கள்? படையெடுப்பை நைஜீரியாவின் செனட்டே விரும்பவில்லை. எல்லையின் இரண்டு பக்கமும் ஹவுசா பேசும் அதே மக்கள், உறவினர்கள். நைஜர் மீது கைவைத்தால் எங்கள் மீது போர் தொடுத்ததாக எடுத்துக்கொள்வோம் என்று மாலியும் புர்கினா பாசோவும் அறிவித்தன. கெடு முடிந்த ஆகஸ்ட் 6 அன்று நைஜரின் தலைநகர் நியாமேயின் விளையாட்டரங்கில் ஆயிரக்கணக்கானோர் தளபதிகளுக்கு ஆதரவாகத் திரண்டார்கள். எக்கோவாஸின் மிரட்டலே அந்தத் தளபதிகளைத் தேசபக்தர்களாக்கிவிட்டது என்பது என் எண்ணம்.

அதே ஆகஸ்ட் 30இல் காபோனில் கவிழ்ப்பு நடந்தது. மத்திய ஆப்பிரிக்கக் கூட்டமைப்பு அந்த நாட்டை இடைநீக்கம் செய்து, காபோன் தலைநகர் லிப்ரவில்லில் இருந்த தன் தலைமையகத்தைத் தற்காலிகமாக எக்குவடோரியல் கினியின் மலாபோவுக்கு மாற்றியது. பட்டினி போடும் தடைகள் இல்லை. இரண்டையும் ஒரே தராசில் நிறுக்கலாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் கண்டிப்பதற்கு வேறு வழிகளும் இருந்தன.

எக்கோவாஸ் பெரும்பாலான தடைகளை 2024 பிப்ரவரி 24 அன்று மனிதாபிமானக் காரணம் சொல்லி விலக்கிக்கொண்டது. அதற்குள் நைஜர், மாலி, புர்கினா பாசோ மூன்றும் கூட்டமைப்பை விட்டு விலகுவதாக அறிவித்தாகிவிட்டது. பாசூம் காவலிலேயே இருந்தார். சரி, இனியாவது பாலம் திறக்கும் என்று பார்த்தால், பெனின் மீது சந்தேகப்பட்டு நைஜர் தன் பக்கத்தைத் திறக்கவில்லை. நாங்கள் டோகோவின் லோமே துறைமுகத்துக்கு மாறி, புர்கினா பாசோ வழியாகச் சுற்றி அனுப்பினோம். வழியெல்லாம் ஆயுதக் குழுக்கள் என்பதால் ராணுவப் பாதுகாப்போடு லாரிகள் கூட்டமாகத்தான் போக முடியும். கிளம்பும் நாள் எங்கள் கையில் இல்லை. மராடியின் சிகிச்சை மையத்திலிருந்து செவிலியர் போன் செய்து சரக்கு எப்போது வரும் என்று கேட்டால், முன்பு தேதி சொல்வோம். அப்புறம் மாதத்தைத்தான் சொல்ல முடிந்தது.