சம்பளக் கோரிக்கை மட்டும்தான் காதில் விழுகிறது

ஆசிரியர் சங்கம் என்றாலே சம்பளத்துக்குக் கொடி பிடிக்கிறவர்கள் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. சங்கத்தின் ஒன்றியப் பொறுப்பில் இருந்த காலம் முழுக்க இதை டீக்கடையிலும் கேட்டேன், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் கேட்டேன், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணப் பந்தியிலும் கேட்டேன்.

2019 ஜனவரி 22 அன்று, ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ காலவரையற்ற வேலைநிறுத்தம் தொடங்கியபோது வைத்தவை ஒன்பது கோரிக்கைகள். பழைய ஓய்வூதியம் வேண்டும் என்பது அதில் முக்கியமானது. அந்த ஓய்வூதியம் கிடைக்காமல் 2003 ஏப்ரலுக்குப் பிறகு வேலைக்கு வந்தவர்களின் முதுமைப் பிரச்சினை அது, அதைக் கேட்பதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை. ஆனால் அதே பட்டியலில், மாணவர் குறைவு என்று சொல்லிப் பள்ளிகளை இணைக்காதே என்றும், 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்கேஜி, யுகேஜி நடத்த, தொடக்க வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கும் இடைநிலை ஆசிரியர்களை அனுப்பாதே என்றும் கேட்டிருந்தோம். மூன்று வயதுக் குழந்தையைக் கையாளத் தனிப் பயிற்சி வேண்டும், அதற்குப் படித்தவர்களை நியமியுங்கள், தொடக்கப் பள்ளியில் இருப்பவரைப் பிடுங்கிக்கொண்டு போனால் இரண்டு இடத்திலும் பிள்ளைகளுக்குத்தான் நட்டம் என்பதுதான் எங்கள் வாதம். இது கல்விக் கொள்கை பற்றிய பேச்சு இல்லாமல் வேறென்ன? அரசோ சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் எவ்வளவு செலவாகிறது என்ற கணக்கைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னது, மக்கள் மனதில் அதுதான் நின்றது. ஜனவரி 30 அன்று போராட்டத்தைத் தற்காலிகமாக விலக்கிக்கொண்டோம்.

சம்பளமும் வகுப்பறைக்கு வெளியே நிற்கிற விஷயம் இல்லை. 2009 மே 31 வரை பணியில் சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 8,370, மறுநாள் சேர்ந்தவருக்கு 5,200. ஈராசிரியர் பள்ளியில் இந்த இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து வகுப்பில் ஒரே வேலையைச் செய்கிறார்கள். வருடக்கணக்காக அதைச் சுமந்துகொண்டு ஒருவர் எப்படி உற்சாகமாகப் பாடம் நடத்துவார் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை.

வெளியே பேசுவதைவிடக் கடினமானது உள்ளே நடக்கும் விவாதம். 2022இல், சிறு வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்பிக்கும் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தபோது மூத்தவர்கள் பலர் மொத்தமாக எதிர்ப்போம் என்றார்கள். ஒரு இளம் டீச்சர் எழுந்து, "சார், என் கிளாஸ்ல பிள்ளைங்க ஆர்வமா உக்காருறாங்க, கைபேசியில மதிப்பீடு ஏத்துறதுதான் நேரத்தைத் தின்னுது, அதைச் சொல்லுங்க" என்றார். அரங்கம் சட்டென்று இரண்டாகப் பிரிந்தது, குரல்கள் உயர்ந்தன. அப்புறம் நீண்ட பேச்சுக்குப் பிறகு, திட்டத்தை எதிர்ப்பதில்லை, இணையப் பதிவுச் சுமையை எதிர்ப்பது என்று தீர்மானம் போட்டோம். சங்கத் தலைமை என்றால் எனக்கு இதுதான்: மேடையில் முழங்குவதைவிட, வகுப்பறையிலிருந்து வருகிற அந்த ஒற்றைக் குரலுக்கு இடம் கொடுப்பது. 2023 டிசம்பரில் அரசாணை 243 வந்து, தொடக்கக் கல்வியில் ஒன்றிய அளவில் இருந்த பணிமூப்பு முன்னுரிமை மாநில அளவுக்குப் போனபோது பிளவு இன்னும் ஆழமானது. பதவி உயர்வுக்குத் தொலைதூர மாவட்டம் போக வேண்டிவருமே என்று பெண் ஆசிரியர்கள் கலங்கினார்கள், சொந்த ஊருக்குத் திரும்ப வழி கிடைக்கும் என்று சிலர் மகிழ்ந்தார்கள். இரண்டு தரப்பும் நம் உறுப்பினர்கள், இரண்டு பேரின் சந்தாவும் ஒரே ரசீதுப் புத்தகத்தில்தான் இருக்கிறது. அந்த அரசாணையை எதிர்ப்பது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன், ஊர் திரும்ப நினைத்தவர்களின் ஏக்கமும் நியாயமானதே.

இப்போது டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வு. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், ஓய்வுபெற ஐந்தாண்டுக்கு மேல் இருக்கும் ஆசிரியர்கள் இரண்டு ஆண்டுக்குள் டெட் தேர்ச்சி பெற வேண்டும் என்றது. டெட் என்ற தேர்வே இல்லாத காலத்தில் முறைப்படி தேர்வாகி வந்தவர்கள் இவர்கள். புதிதாக வருகிறவருக்குத் தேர்வு வேண்டும் என்பதில் மறுப்பில்லை, இத்தனை வருடம் பாடம் நடத்தியவரின் வேலையை அதில் தொங்கவிடுவது அநியாயம். கல்வி உரிமைச் சட்டத்தைத் திருத்தச் சொல்லி ஒன்றிய அரசிடம் போராட வேண்டும், கூடவே சங்கக் கட்டடத்தில் சனிக்கிழமை மாலை டெட் வகுப்பும் நடத்த வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது என்கிறவர்களோடுதான் இப்போது என் வாக்குவாதம்.