முறிகண்டியில் மட்டும் யாரும் மணி பார்ப்பதில்லை

இடையில் நிற்காதே என்று எந்த முதலாளியும் என்னிடம் சொன்னதில்லை. "களைச்சால் எங்கையாவது நிண்டு ஆறிப் போங்கோ தம்பி" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். முதலில் இலங்கையின் வடக்கே, வன்னியில் உள்ள கிளிநொச்சியில் ஒரு ஏஜென்சிக்குப் பட்டா என்கிற சின்ன லொறி ஓடினேன். பிறகு மோட்டார் சைக்கிளில் கூரியர் பொதிகளைக் கட்டிக்கொண்டு திரிந்தேன். இப்போது ஒரு சின்ன டெலிவரி நிலையத்தில் இருந்து பொடியங்களுக்கு ரூட் போட்டுக் கொடுக்கிறேன். மூன்று இடத்திலும் ஓய்வெடுக்க அனுமதி தாராளமாக இருந்தது. நேரம்தான் இருக்கவில்லை.

கூரியரில் பொதிக்கு இவ்வளவு என்று கூலி. வாங்குகிற ஆள் வீட்டில் இல்லை, கையில் காசு இல்லை, "நான் ஓடரே பண்ணேல்லை" என்று கையை விரித்துவிட்டார் என்றால் அந்தப் பொதிக்கு ஒரு சதமும் கிடையாது. போய்வந்த பெற்றோலும் எங்கள் செலவு. மாதச் சம்பளக்காரன் அரை மணி நேரம் மரநிழலில் சாய்ந்தால் அது முதலாளியின் அரை மணி. பொதிக்கூலிக்காரன் சாய்ந்தால் அவனுடைய சொந்தக் காசு. இந்த முறையைக் கண்டுபிடித்தவன் கெட்டிக்காரன்தான். மேற்பார்வைக்கு ஆள் போடத் தேவையில்லை, வேலைக்காரன் தன்னைத்தானே விரட்டிக்கொள்வான்.

இதில் வன்னிக்கு என்று ஒரு தனி வில்லங்கம் இருக்கிறது. கொழும்பில் ஒரே மாடிக் கட்டடத்தில் கதவு கதவாகத் தட்டிக் கொடுக்கிற பத்துப் பொதியும், அக்கராயனுக்கும் ஜெயபுரத்துக்கும் விசுவமடுவுக்கும் சிதறிப் போகிற பத்துப் பொதியும் கூலிக் கணக்கில் ஒன்றுதான். விலாசமும் அப்படித்தான். "உருத்திரபுரம், எட்டாம் வாய்க்கால்" என்று மட்டும் எழுதியிருக்கும். போன் எடுத்தால், "மதகு தாண்டி வாங்கோ, ஒரு பிள்ளையார் கோயில் வரும், அதில இருந்து மூண்டாவது படலை" என்று வழி வரும். அந்தப் பிள்ளையாரைக் கண்டுபிடிப்பதற்குள் வேறு இரண்டு பிள்ளையார் வந்துவிடுவார். வீட்டு இலக்கம் கேட்டால் சிரிப்பார்கள்.

கனகபுரம் பக்கம் ஒரு முறை ஒரு பிள்ளைக்கு அழைத்துக்கொண்டே இருந்தேன், எடுக்கவில்லை. பத்து மணி போல் அவளே திருப்பி எடுத்தாள்.

"அண்ணை, நான் காமென்ஸில நிக்கிறன். அஞ்சரைக்குத்தான் வீட்ட வருவன்."

"வீட்டில வேற ஆர் இருக்கினம் தங்கச்சி?"

"அம்மம்மா இருக்கிறா. காசு என்னட்டத்தான் இருக்கு. கெதியாச் சொல்லுங்கோ, பெல் அடிக்கப் போகுது."

தேத்தண்ணி இடைவேளையில் எடுத்திருக்கிறாள். வேலை நேரத்தில் போன் எடுக்க விடமாட்டார்களாம். ஆடைத் தொழிற்சாலை வேலை சுகமானது என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பிள்ளைகளின் காலும் முதுகும் அவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் அங்கே மணி அடிக்கிறது. அடித்தால் எல்லோரும் எழும்புகிறார்கள். "நீ ஏன் எழும்பினாய்" என்று ஒருத்தியைத் தனியாகப் பிடித்துக் கேட்க முடியாது. எனக்கு அன்றைக்கு அதுதான் பொறாமையாக இருந்தது.

ஏஜென்சியில் ஓடியபோது மாதச் சம்பளம், ஊழியர் சேமலாப நிதி எல்லாம் இருந்தது. அது வேறு மாதிரி வேலை. காலையில் பிஸ்கட், சவர்க்காரம், சோடாப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு மாங்குளம், ஒட்டுசுட்டான், முல்லைத்தீவு என்று போனால் கடை கடையாக இறக்க வேண்டும். சாரதி ஓடினால் போதும் என்று பேச்சு, ஆனால் ஹெல்பர் வராத நாளில் பெட்டியும் நாங்கள்தான் தூக்க வேண்டும். பின்னேரம் திரும்பி வந்து காசும் பில்லும் ஒத்துப் பார்த்து, குறைந்தால் சம்பளத்தில் கழித்து, இருட்டிய பிறகுதான் வீடு. அந்தக் கணக்குப் பார்க்கிற நேரம் யாருடைய கணக்கிலும் வராது.

அந்த ரூட்டில் எனக்குக் கிடைத்த ஓய்வெல்லாம் கடைக்காரர் தந்ததுதான். ஒட்டுசுட்டானில் ஒரு கடைக்கார அக்கா நாங்கள் பெட்டி இறக்கி முடிக்கும்போது பிளேன்ரீயை ஊற்றி, பனங்கட்டித் துண்டோடு மேசையில் வைத்துவிடுவா. "குடிச்சிட்டுத்தான் பில்லைத் தரோணும்" என்று கட்டளை வேறு. ஐந்து நிமிடம் கதிரையில் இருப்போம். அவ கடை பூட்டிய நாளில் அந்த ஐந்து நிமிடமும் கிடையாது.

யுத்தம் முடிந்து மீள்குடியேற்றம் நடந்த ஆண்டுகளில் நிற்பதே ஒரு பிரச்சினையாக இருந்தது. றோட்டோரம் முழுக்க மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை. பத்தடி தள்ளிப் பாலை மரம் குளிர்மையாக நிற்கும், ஆனால் போக முடியாது. மிதிவெடி அகற்றுகிறவர்கள் வெள்ளைத் தடி நட்டு வந்த இடம் மட்டும்தான் நிலம் என்று நினைத்துக்கொள்ள வேண்டும். தார் ஓரத்தில் வாகனத்தின் நிழலிலேயே குந்தி இருந்து சாப்பிடுவோம். ஒதுங்குவதற்கும் வாகனத்தின் மறைவுதான். அதனால் பலர் தண்ணீர் குடிப்பதையே குறைத்தார்கள். பலகைகள் அநேக இடங்களில் போய்விட்டன, பழக்கம் போகவில்லை. இன்றைக்கும் காலையில் அரைப் போத்தல் தண்ணீரோடு வெளிக்கிட்டு, பின்னேரம் அதில் மிச்சத்தோடு வருகிற பொடியன் இருக்கிறான். சித்திரை வைகாசி வெயிலில், ஹெல்மெட்டுக்குள் தலை அவிந்தபடி.

இவ்வளவும் ஒரு பக்கம். யாழ்ப்பாணத்துக்குப் போகிற ஏ-9 வீதியில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் எந்த வாகனமும் தானாக வேகத்தைக் குறைக்கும். முறிகண்டிப் பிள்ளையார் கோயில். கொழும்பு லொறியாக இருந்தாலும், யாழ்ப்பாணம் போகிற சொகுசு பஸ்ஸாக இருந்தாலும், சிங்களச் சாரதியாக இருந்தாலும் ஓரம் கட்டுவார்கள். இறங்கிக் கை கால் கழுவி, கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, ஒரு சரை கச்சான் வாங்கி, திரும்ப ஏறுவார்கள். 2002இல் யுத்தநிறுத்தத்தோடு பாதை திறந்தபோதும் நின்றார்கள், 2006இல் பூட்டி, யுத்தம் முடிந்து மறுபடி திறந்த பிறகும் நிற்கிறார்கள்.

அங்கே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். சாரதி கும்பிடப் போகும்போது ஹெல்பர் ரயரைச் சுற்றி வந்து காலால் தட்டிப் பார்ப்பான். கயிறு தளர்ந்திருந்தால் இறுக்குவான். பஸ்ஸில் தூங்கி வழிந்த மனிதர் இறங்கி முதுகை நிமிர்த்துவார். முகத்தில் தண்ணீர் பட்டு, கச்சானைக் கொறித்துக்கொண்டு ஏறுகிற சாரதிக்கு அடுத்த ஒரு மணி நேரத்துக்கு நித்திரை வராது. பாதுகாப்பு அதிகாரிகள் வகுப்பு எடுத்துச் சொல்கிற அத்தனையும் பத்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. "ஏன் முறிகண்டியில நிண்டனி" என்று கேட்ட முதலாளி ஒருவரைக்கூட நான் அறியேன். பத்து மைல் தள்ளி மாங்குளத்தில் அதே பத்து நிமிடம் நின்றால் போன் வரும்.

பக்தி உள்ளவர்கள் கோபிக்க வேண்டாம். எனக்கும் பிள்ளையார் மீது நம்பிக்கை உண்டு. நான் சொல்வது வேறு. எல்லோரும் நிற்கிற இடத்தில் நிற்பதற்கு விளக்கம் சொல்லத் தேவையில்லை. தனியாக நிற்பவன்தான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. விளக்கம் சொல்லப் பஞ்சிப்பட்டு அவன் நிற்காமலே போய்விடுகிறான்.

ஜேர்மனியில் லொறி ஓடுகிற என் மச்சானிடம் இதைச் சொன்னபோது அவன் சிரித்தான். "எங்களுக்கு முறிகண்டி டாஷ்போர்டிலயே இருக்கு" என்றான். ஐரோப்பாவில் பாரவாகனச் சாரதி நாலரை மணி நேரம் ஓடினால் 45 நிமிடம் கட்டாயம் நிற்க வேண்டும். வேண்டுமானால் முதலில் 15, பிறகு 30 என்று பிரித்து எடுக்கலாம். ஓடிய நேரம், நின்ற நேரம் எல்லாவற்றையும் டகோகிராஃப் என்ற கருவி பதிகிறது. 2006இல் இருந்து புது லொறிகளில் அது டிஜிட்டல் கருவியாகவே வருகிறது, சாரதி தன் அட்டையைச் செருகினால்தான் கணக்குச் சரிவரும். முதலாளி அவசரப்படுத்தினால், "நான் ஓடத் தயார்தான், ஆனால் அட்டை விடாது" என்று சொல்லிவிடலாமாம். பாருங்கள், அங்கேயும் சாரதி தன் களைப்பைப் பற்றி வாதாட வேண்டியதில்லை.

இங்கே வாதாடவும் ஆள் இல்லாத நேரம் ஒன்று இருக்கிறது. கொழும்பில் சாமான் ஏற்றி இரவு ஏழு எட்டு மணிக்குப் புறப்படுகிற லொறி, யாழ்ப்பாணச் சந்தை திறக்கும் முன் போய்ச் சேர வேண்டும் என்றால், ஓமந்தைக்கும் பரந்தனுக்கும் இடையில் அது ஓடுவது விடியற்காலை இரண்டுக்கும் நாலுக்கும் இடைப்பட்ட நேரத்தில். மனித உடம்பு நித்திரைக்கு மிகவும் கெஞ்சுகிற நேரம் அது. றோட்டோ காபெட் போட்டு நேராக நீட்டி விட்டது, திருப்பம் கூட இல்லை. இரண்டு பக்கமும் காடு. சூடு தேடி நடுத்தாரில் படுத்திருக்கிற மாடுகள் வேறு. விபத்து நடந்தால் மறுநாள் பத்திரிகையில் ஒரு வசனம் தயாராக இருக்கும்: சாரதியின் நித்திரைக் கலக்கமே காரணம் என்று ஆரம்ப விசாரணையில் தெரியவந்துள்ளது. சரி, நித்திரைதான். அந்த ஆள் முதல் நாள் பகல் முழுக்கக் களஞ்சியத்தில் லோட் ஏறும்வரை காத்து நின்றாரா, எத்தனை மணிக்கு வந்து சேரச் சொன்னார்கள், பிந்தினால் என்ன கழிப்பார்கள் என்று ஆரம்ப விசாரணையும் கேட்பதில்லை, பிறகு வருகிற விசாரணையும் கேட்பதில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் சாப்பாட்டு நேரம் நீங்கலாக நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி என்று வரையறுத்திருக்கிறது. சேமலாப நிதிக்கு ஊழியர் 8 வீதம், முதலாளி 12 வீதம் கட்ட வேண்டும். நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி இன்னுமொரு 3 வீதம். ஆனால் கூரியர் பொடியனிடம் வேலைக்கு எடுக்கும்போது ஒரு தாளில் ஒப்பம் வாங்குவார்கள். அதில் அவன் ஊழியன் இல்லை, ஒப்பந்தக்காரன். ஒரு சீடி 100 மோட்டார் சைக்கிளும் தவணைப் பணக் கடனும் உள்ள ஒப்பந்தக்காரன்! தனக்குத் தானே முதலாளி என்பதால் ஓய்வு வேண்டுமானால் தன்னிடமே கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

நடுவில் ஒன்று ஞாபகம் வருகிறது. நான் இந்த வேலையில் நன்றாக ஓய்வெடுத்த காலம் என்றால் அது 2022. நாடு முழுக்கப் பெற்றோல் தட்டுப்பாடு, செட் வரிசையில் பாய் விரித்துப் படுத்தோம். பெற்றோலைப் பங்கிடக் கியூஆர் அட்டை வந்த பிறகு மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். அதை வைத்துக்கொண்டு முல்லைத்தீவுக்கும் பூநகரிக்கும் பொதி காவ முடியுமா? உடம்பு ஆறியது, வீட்டில் அடுப்பு ஆறியதுதான் வினை.

இப்போது ரூட் போடுகிறவன் நான். முதலாளியிடம் கேட்டுப் பெற்றது ஒன்றே ஒன்று: மதியம் ஒன்றில் இருந்து ஒன்றே முக்கால் வரை எல்லா ரூட்டும் நிற்கும். விரும்பினால் நிற்கலாம் என்று அல்ல, எல்லோரும் நிற்க வேண்டும். அந்த நேரத்தில் வாடிக்கையாளர் அழைப்பெல்லாம் நிலையத்துக்குத் திரும்பும், நான் எடுப்பேன். உண்ட களை தொண்டருக்கும் உண்டு என்று சொல்லித்தான் வாயைத் திறந்தேன். முதலாளி, "வாடிக்கையாளர் ஏசுவினமே" என்றார். ஏசினார்கள்தான். "எங்க நிக்கிறியள்?" என்று கேட்பவரிடம், "பொடியன் சாப்பிடுறான் ஐயா, ரண்டு மணிக்கு வருவான்" என்று சொன்னால் அநேகம் பேர் "சரி சரி, சாப்பிடட்டும்" என்று வைத்துவிடுகிறார்கள். சனம் நாங்கள் நினைக்கிற அளவு பொல்லாதது இல்லை. சாப்பிடாமல் ஓடு என்று அவர்கள் யாரும் கேட்டதில்லை, அவர்களிடம் யாரும் சொன்னதும் இல்லை.

எதிர்பாராத எதிர்ப்பு பொடியங்களிடம் இருந்துதான் வந்தது. ஒருவன் அந்த நேரத்தில் சத்தமில்லாமல் ஐந்து பொதி கொடுத்துவிட்டு வந்து நிற்கிறான். கேட்டால், "அண்ணை, லீசிங் கட்டுறது ஆர், நீங்களா?" என்கிறான். நியாயம்தானே. பொதிக்கூலி அப்படியே இருக்கும்வரை சாப்பாட்டு நேரம் என்பது அவன் சட்டைப்பையில் நான் கைவைப்பது போல்தான். அந்த முக்கால் மணிக்கும் நிலையம் ஒரு தொகை கொடுக்க வேண்டும். அதை எழுதிக் கொடுத்திருக்கிறேன். "இந்த மாதக் கணக்கு முடியட்டும், பாப்பம்" என்றிருக்கிறார் முதலாளி.

பூநகரி ரூட் இன்னும் சரிவரவில்லை. வாடியடி தாண்டிச் சங்குப்பிட்டிப் பாலம் வரை வெட்டவெளி. சோளகம் தொடங்கினால் மோட்டார் சைக்கிளைச் சரித்து விழுத்துகிற காற்று. கிணற்றுத் தண்ணீர் பல இடத்தில் உவர், வாயில் வைக்க முடியாது. அங்கே ஒரு மணிக்கு நில் என்று சொன்னால் அவன் நிற்பதற்கு ஒரு பஸ் தரிப்பிடம்தான் இருக்கிறது, அதன் சீமெந்து வாங்கில் எப்போதும் யாராவது இரண்டு பேர் இருப்பார்கள். ஆகவே அந்த ரூட்டை மட்டும் இரண்டாகப் பிரித்து, மதியத்துக்குப் பொடியன் பரந்தனுக்கு வந்து போகிற மாதிரிப் போடுகிறேன். பெற்றோல் கூடுதலாகப் போகிறது என்று முதலாளி முணுமுணுக்கிறார். கூடுதலாகப் போகிற பெற்றோலின் பில்லையும் அந்த எழுதிய தாளோடு சேர்த்துக் குத்தி வைத்திருக்கிறேன்.