ஓலை வீட்டுக்கு விதி தேடி அலைந்த கதை

பனை ஓலை வேய்ந்து வீடு கட்டப் போகிறேன், தீ விஷயத்தில் என்ன விதி என்று கேட்டால் சிரிக்கிறார்கள். "குடிசைய எடுத்துட்டு காங்கிரீட் வீடு கட்டத்தான் தம்பி அரசாங்கமே காசு குடுக்குது. நீங்க தலைகீழா வர்றீங்களே" என்றார் ஊராட்சி அலுவலகத்தில் இருந்தவர். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தைச் சொல்கிறார். எனக்கு வேண்டியது அதுவல்ல என்று விளக்கியதும், "தீன்னா தீயணைப்புல கேளுங்க". அங்கே போனால், "தடையில்லாச் சான்று மாடிக் கட்டடம், மண்டபத்துக்குத்தான். வீட்டுக்குப் பஞ்சாயத்துல கேளுங்க".

என் மனை இருக்கும் இந்தக் கடற்கரையில் ஓலை என்றாலே இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி ஞாபகம் வந்துவிடும். 2001 ஆகஸ்டில் மனநலக் காப்பகக் கொட்டகை எரிந்து 28 பேர் போனார்கள். 2004-இல் கும்பகோணத்தில் 94 குழந்தைகள். அப்புறம் வந்த கெடுபிடியெல்லாம் காப்பகம், பள்ளிக்கூடம் பக்கமே நின்றுவிட்டது. ஒருவர் பெரிய மனது பண்ணி ஐ.எஸ். 8758 நகல் எடுத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பிரித்தால் அது கல்யாணப் பந்தலுக்கான தரநிலை!

இதைவிட வயிற்றெரிச்சல், "ஓலைதானே, கடற்கரை விதியெல்லாம் வராது" என்று ஒருவர் அடித்துச் சொன்னது. நம்பாதீர்கள். உயர் அலைக் கோட்டிலிருந்து, அதாவது கடல்நீர் ஏறிவரும் உச்ச எல்லையிலிருந்து, 500 மீட்டருக்குள் மனை இருந்தால் கூரை எதுவானாலும் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையைப் பார்த்தே ஆகவேண்டும். சர்வே எண்ணோடு மனு எழுதி, திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்து ரசீது வாங்கினேன். ரசீதைக் காட்டிய பிறகுதான் உட்காரவே சொன்னார்கள்.

மனையைச் சுற்றி விடவேண்டிய இடைவெளிக்கு 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளைப் பாருங்கள். வேடிக்கை என்னவென்றால், குடிசை என்றால் எது என்று அளவோடு எழுதியிருந்ததை நான் பார்த்தது மின்கட்டண ஆணையில்தான்: 250 சதுர அடிக்கு மேற்படாத, மண்சுவர் வீடு. அதைவிடப் பெரிதாகக் கட்டிவிட்டுக் குடிசை மின் இணைப்பு கேட்காதீர்கள்.

உருப்படியான யோசனை தந்தவர் பணி ஓய்வு பெற்ற ஒரு தீயணைப்பு வீரர். மனையில் நின்று காற்றைப் பார்த்துவிட்டு, "அடுப்படிய வீட்டோட ஒட்டாம கிழக்க தள்ளிப் போடுங்க" என்றார். காய்ந்த காலத்தில் அடிப்பது கச்சான், மேற்கிலிருந்து வரும் காற்று. பொறி பறந்தாலும் வீட்டைவிட்டு விலகிப் போகும். வடகிழக்கிலிருந்து வாடை அடிக்கும்போது மழையில் கூரை நனைந்து கிடக்கும். எதிரெதிரே இரண்டு வாசல் வைக்கச் சொன்னார். ஓலையைப் பிய்த்து இழுக்க நீளமான துறட்டியும் ஏணியும் எப்போதும் வெளியே இருக்கவேண்டுமாம்.

ஒயரைக் கூரையின் கைமரத்தில் கட்டித் தொங்கவிடப் பார்த்தார் எலக்ட்ரீசியன். விடவில்லை. சுவரோடு குழாயில் இறக்கி, மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட வைத்தேன். முகத்தைச் சுளித்தார், சுளிக்கட்டும்.